ஸ்ட்ரெட்ச் துணி லூசாயிடுச்சா? எந்தக் கோளாறுக்கு எதை முதல்ல பார்க்கணும்

லைக்ரா கலந்த துணியில வர்ற பிரச்சனை எல்லாத்தையும் "லூசாயிடுச்சு", "இழுத்தா திரும்ப வரல"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம். ஆனா உள்ள நடந்திருக்கிறது ரெண்டு விதம். ஒண்ணு, லைக்ரா நல்லாத்தான் இருக்கு, அதைச் சுத்தி இருக்கிற பருத்தி நூலோ பாலியஸ்டரோ ஒண்ணோட ஒண்ணு உரசி இறுகி அதைச் சுருங்க விடாம பிடிச்சு வச்சிருக்கு. இன்னொண்ணு, லைக்ராவே அறுந்துடுச்சு, இல்லைன்னா சூட்டுலயோ குளோரின்லயோ கெட்டுப் போச்சு. முதல் வகைக்கு தண்ணியும் நேரமும் போதும், ரெண்டாவது வகைக்கு என்ன பண்ணினாலும் உயிர் வராது. இதைப் பிரிச்சுப் பார்க்காததால நல்லா இருக்கிற பேன்ட் குப்பைக்குப் போகுது, செத்துப்போன பேன்ட் தையல்காரர்கிட்ட போகுது, ரெண்டுமே வீண்.

லேபிள்ல ஸ்பான்டெக்ஸ், எலாஸ்டேன், லைக்ரான்னு எந்தப் பேர் போட்டிருந்தாலும் கீழ சொல்றது எல்லாத்துக்கும் பொருந்தும். வீட்ல போடறவங்க, தைக்கிறவங்க, துணி வாங்கி கட்டிங் போடறவங்க மூணு பேரும் படிப்பாங்கன்னு நினைச்சு எழுதறேன், உங்க அறிகுறி எதுவோ அதுக்கு நேரா போயிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இந்த மூணு செக்கை மட்டும் பண்ணிடுங்க.

முதல்ல பண்ண வேண்டிய மூணு செக்

செக் 1, ஊற வைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணி, 40 டிகிரிக்கு மேல வேண்டாம், அரை மணி நேரம் முக்கி வச்சு, முறுக்காம துண்டுல சுத்தி அழுத்தி, தட்டையா போட்டு நிழல்ல காய வைங்க, கொடியில தொங்க விட்டா தண்ணி வெயிட்டே துணியை இழுத்துடும், அப்புறம் ரிசல்ட் தப்பா வரும். காஞ்சதும் பழைய வடிவத்துக்கு வந்துச்சுன்னா லைக்ரா உயிரோடதான் இருக்கு.

செக் 2, 10 சென்டிமீட்டர் டெஸ்ட். துணியில ரெண்டு புள்ளி வைங்க, நடுவுல சரியா 10 சென்டிமீட்டர். ஜீன்ஸ் மாதிரி நெசவுத் துணின்னா 12 வரைக்கும் இழுங்க, பனியன் துணி லெகிங்ஸ்னா 13 வரைக்கும் இழுங்க, ஒரு மர ஸ்கேல் மேல ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு அப்படியே அரை மணி நேரம் விட்டுடுங்க. கிளிப்பை எடுத்து ஒரு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை அளங்க, இன்னும் அரை மணி கழிச்சு மறுபடி அளங்க. ஒரு நிமிஷத்துல 10.6 காட்டி அரை மணியில 10.2க்கு வந்துட்டா துணி மெதுவா திரும்புது, ஆனா திரும்புது. அரை மணி கழிச்சும் 10.6லயே நின்னா 6 சதவீதம் நீண்டு போச்சுன்னு அர்த்தம், இதைத்தான் மில்லுல குரோத்னு சொல்வாங்க. ஜீன்ஸ்ல 3 சதவீதத்துக்குள்ள இருந்தா நான் விட்டுடுவேன், 5 தாண்டினா போட்டு உட்கார்ந்து எழுந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

இதை ஒரே இடத்துல பண்ணாதீங்க. லூசான இடத்துல ஒண்ணு, அதே உடுப்புல இழுவையே படாத இடத்துல ஒண்ணு, பேன்ட்னா கீழ் மடிப்புக்கிட்ட எடுக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி மோசமா இருந்தா துணியே அப்படித்தான் வந்திருக்கு, இல்ல துவைக்கிற முறையில மொத்தமா கெட்டிருக்கு. ஒண்ணு நல்லா ஒண்ணு மோசம்னா அந்த இடத்துக்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கு.

செக் 3, நூல் உருவிப் பார்க்கிறது. உள்பக்கம் தையல் ஓரத்துல இருந்து ஒரே ஒரு நூலை மெதுவா உருவுங்க. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ்ல பெரும்பாலும் குறுக்கு நூல்லதான் லைக்ரா இருக்கும், அதனால பேன்ட்டோட சுத்தளவு வாக்குல ஓடற நூலை எடுக்கணும். அந்த நூலோட முறுக்கைப் பிரிச்சு பருத்தியை ஒதுக்கினா நடுவுல முடி மாதிரி மெல்லிசா பளபளன்னு ஒரு இழை இருக்கும், அதை நகத்தால பிடிச்சு இழுங்க. நாலஞ்சு மடங்கு நீண்டு சட்டுனு திரும்பினா உயிர் இருக்கு. இழுத்ததும் புட்டுக்கிச்சு, இல்ல நீண்டது நீண்டபடியே நின்னுச்சு, இல்ல அந்த இழையையே காணோம்னா, சோப்பு, தண்ணி எதாலயும் அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

அறிகுறி: முட்டியும் உட்கார்ற இடமும் தள்ளிக்கிட்டு நிக்குது

இதுதான் எல்லாத்தையும் விட அதிகமா வர்ற கேஸ்.

ஊற வச்சதும் சரியாச்சா? அப்ப கோளாறு லைக்ராவுல இல்ல. ரெண்டு மூணு நாள் துவைக்காம தொடர்ந்து போட்டா பருத்தி நூல்கள் நகர்ந்து போய் புது இடத்துல செட்டில் ஆகிடும், ஈரம் பட்டு பருத்தி ஊறும்போது அந்தப் பிடி தளர்ந்து லைக்ரா மறுபடி இழுத்துக்கும். ஒரே பேன்ட்டை நாள் கணக்கா போடாம மாத்தி மாத்திப் போட்டாலே முட்டி பாதி குறைஞ்சுடும், ராத்திரி முழுக்க ஓய்வு கிடைச்சாலும் ஓரளவு திரும்பும்.

ஊற வச்சும் சரியாகல, ஆனா கீழ் மடிப்புக்கிட்ட 10 சென்டிமீட்டர் டெஸ்ட் நல்லா வருதா? அப்ப முட்டிக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கு. முதல் சந்தேகம் இஸ்திரி. முட்டி தள்ளி இருக்குன்னு அந்த இடத்தை இழுத்துப் பிடிச்சு காட்டன் சூட்டுல அழுத்தித் தேய்க்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, மில்லுல துணியை இழுத்து வச்சு சூடு கொடுத்து அளவை நிரந்தரமாக்கறாங்களே, அதே வேலையைத்தான் அந்த இஸ்திரியும் பண்ணுது, தள்ளின முட்டி தள்ளினபடியே செட் ஆகிடுது. லைக்ரா துணிக்கு இஸ்திரி ஒரு புள்ளி சூடு, 110 டிகிரிக்குள்ள, அதுவும் துணியை இழுக்காம தட்டையா போட்டு. ஏற்கனவே செட் ஆனதை வீட்ல மாத்த முடியாது.

ரெண்டாவது சந்தேகம் அளவு. பேன்ட் ரொம்ப டைட்டா இருந்தா உட்காரும்போது முட்டித் துணி அதோட எல்லை வரைக்கும் நீளுது, எவ்வளவு நல்ல லைக்ரா போட்டாலும் தினமும் எல்லையில நிறுத்தினா தளரும். போட்டுக்கிட்டு உட்கார்ந்து, முட்டிக்கு மேல துணியை ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க, கொஞ்சம்கூட கிள்ள வரலைன்னா அடுத்த தடவை ஒரு சைஸ் பெருசு வாங்குங்க.

ரெண்டு இடத்துலயும் டெஸ்ட் மோசம், ஆனா பேன்ட் புதுசு. அப்ப துணியே பலவீனம். லேபிளைப் பாருங்க, 1 சதவீதம் லைக்ரா போட்டுட்டு ரொம்ப நீளற மாதிரி நெய்திருந்தா நீளும், திரும்பாது. ஸ்ட்ரெட்ச் எவ்வளவுங்கறது வேற, திரும்பி வர்றது எவ்வளவுங்கறது வேற, கடையில இழுத்துப் பார்த்து "நல்லா இழுக்குதே"ன்னு வாங்கறது பாதி செக்தான், விட்டதும் என்ன ஆகுதுன்னு பார்க்கணும். அதிகமா நீளற ஜீன்ஸுக்கு இப்ப லைக்ராவோட இன்னொரு இழையையும், பிபிடிங்கற பாலியஸ்டர் வகை மாதிரி, சேர்த்து ரெட்டைக் கோர் நூலா, அதாவது ரெண்டு இழையை நடுவுல வச்சு மேல பருத்தி சுத்தின நூலா போடறாங்க, அது இருந்தா லேபிள்ல பருத்தி, எலாஸ்டேன் தவிர பாலியஸ்டர் இல்லைன்னா எலாஸ்டோமல்டிஎஸ்டர்னு ஒரு பேர் கூட வரும், அந்த மாதிரி துணியில முட்டி பொதுவா குறைவாத்தான் தள்ளும்.

யாரைக் கூப்பிடணும்: ஒரே பேன்ட்னா யாரையும் வேண்டாம். நீங்க தைச்சு விக்கிறவங்கன்னா, ஒரே ரோல்ல வந்த துணி எல்லாமே குரோத் 5 தாண்டுதுன்னா கட்டிங்கை நிறுத்திட்டு லேபுக்கு அனுப்புங்க. நெசவுத் துணிக்கு ஏஎஸ்டிஎம் டி3107, பனியன் துணிக்கு ஏஎஸ்டிஎம் டி2594ங்கற டெஸ்ட் முறையில பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க, "ஸ்ட்ரெட்ச் டெஸ்ட் பண்ணிக் கொடுங்க"ன்னு மட்டும் சொன்னா நீளறதை மட்டும் அளந்து கொடுத்துடுவாங்க, குரோத்தும் சேர்த்து வேணும்னு எழுதிக் கொடுங்க.

அறிகுறி: கழுத்து ரிப், கை ரிப் அகண்டு தொங்குது

கழுத்தோட ரிப்பை (ஓரத்துல வர்ற வரி வரியான பின்னல் பட்டை) மட்டும் தண்ணியில முக்கி, கையால நெருக்கி வட்டமா கூட்டி, தட்டையா காய வைங்க. சரியாச்சுன்னா தொங்க விட்டுக் காய வைக்கிற பழக்கமும் ஹேங்கரை கழுத்து வழியா நுழைக்கிற பழக்கமும்தான் காரணம், ஹேங்கரைக் கீழ் வழியா விடுங்க.

சரியாகலைன்னா ரிப்புல லைக்ரா இருக்கான்னு பாருங்க. வெறும் பருத்தி ரிப் பின்னலோட அமைப்பாலதான் நீண்டு திரும்புது, அதுக்குள்ள எலாஸ்டிக் இழையே கிடையாது, நாள் ஆக ஆக தளர்றது அதோட இயல்பு. ரிப்பை ரெண்டு பக்கம் விரிச்சா உள்ள மெல்லிசா பளபளப்பு ஓடினா லைக்ரா இருக்கு.

லைக்ரா இருந்தும் லூசுன்னா தையலைப் பாருங்க, ரிப் பட்டை கழுத்து வட்டத்தை விட சின்னதா வெட்டி இழுத்துத் தைக்கணும், அதே நீளத்துக்கு வெட்டித் தைச்சிருந்தா முதல் நாளே தொங்கும். இதுக்குத் தீர்வு ரிப்பை மாத்தறதுதான், ஓவர்லாக் வச்சிருக்கிற எந்தத் தையல்காரரும் பண்ணுவார், ரிப் துணி மட்டும் லைக்ரா கலந்ததா கேளுங்க.

அறிகுறி: இடுப்பு எலாஸ்டிக் நிக்கல

முதல்ல எலாஸ்டிக் நழுவியிருக்கான்னு பாருங்க. குழாய் மாதிரி மடிச்சு உள்ள விட்ட எலாஸ்டிக்ல ஒரு முனை தையல் விட்டுப் போனா மொத்தமும் லூசா தெரியும், இடுப்பை விரலால தடவிக்கிட்டே போனா ஒரு இடத்துல எலாஸ்டிக் இல்லாம வெறும் துணி தட்டுப்படும். முனையைப் பிடிச்சு ஒண்ணரை அங்குலம் மேல மேல வச்சு தைச்சா முடிஞ்சுது.

எலாஸ்டிக் இருக்கு, இழுத்தா நறநறன்னு சத்தம் வருது, இல்ல கையில பிசுபிசுன்னு ஒட்டுதா? உள்ள ரப்பர் இழை போட்ட எலாஸ்டிக், அது வயசாகிடுச்சு. ரப்பருக்கு சூடு, வெயில், எண்ணெய் மூணும் ஆகாது. மாத்தறதைத் தவிர வழி இல்ல.

சத்தம் இல்ல, ஆனா தையல் ஓடின வரியில மட்டும் அலை அலையா தளர்ந்து, நடுவுல நல்லா இருக்கா? அப்ப ஊசி எலாஸ்டிக்குக்கு உள்ள இருக்கிற இழையைக் குத்தி அறுத்திருக்கு. இது புதுத் துணியில துவைச்ச உடனே வரும். சாதாரண கூர் ஊசியை எடுத்துட்டு முனை உருண்டையான பால் பாயின்ட் ஊசி போடுங்க, தையலை இன்னும் நெருக்காதீங்க, நெருக்க நெருக்க குத்து அதிகமாகும்.

மாத்தும்போது எந்த எலாஸ்டிக் வாங்கறீங்கங்கறது முக்கியம். பின்னலா முறுக்கின ஜடை எலாஸ்டிக் இழுத்தா அகலம் குறையும், உள்ள சுருண்டுக்கும், மேல தையல் ஓட்டினா கெடும், குழாய்க்குள்ள விடறதுக்கு மட்டும்தான் சரி. நிட்டட் எலாஸ்டிக் மெத்தையா இருக்கும், மேல தைக்கலாம். நெய்த எலாஸ்டிக் உறுதியானது, சுருளாது, கனமான பேன்ட்டுக்கு அதுதான். இடுப்பளவை விட பத்துல ஒரு பங்கு குறைச்சு வெட்டி, ஊக்கு குத்தி, போட்டு உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் தைங்க. துணியோட நேரடியா இழுத்துத் தைச்ச இடுப்புப் பட்டையை வீட்ல பிரிக்கப் போனா துணி ஓட்டை விழும், அதை மட்டும் தையல்காரர்கிட்ட கொடுத்துடுங்க.

அறிகுறி: துணி மேல வெள்ளை முடி மாதிரி குட்டிக் குட்டி இழை நீட்டிக்கிட்டு இருக்கு

இது பில்லிங் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பில்லிங் உருண்டையா பஞ்சு மாதிரி இருக்கும். இது நேரா, கண்ணாடி மாதிரி, கையில பட்டா வழுவழுன்னு இருக்கும். லைக்ரா அறுந்து அதோட முனை வெளிய வந்திருக்கு. சாயம் அதுல சரியா ஏறாததால கறுப்புத் துணியில ரொம்ப எடுப்பா தெரியும்.

எங்க வருதுன்னு பாருங்க, அதுதான் காரணத்தைக் காட்டும்.

தையல் வரியை ஒட்டி மட்டும்: ஊசி. முனை மழுங்கியிருக்கலாம், சைஸ் பெருசா இருக்கலாம், சாதாரண ஊசியா இருக்கலாம். மெல்லிசான லைக்ரா ஜெர்சிக்கு 65 இல்ல 70, கொஞ்சம் கனமானதுக்கு 75, பால் பாயின்ட் இல்லைன்னா ஸ்ட்ரெட்ச் ஊசி. ஒரு துண்டுல தைச்சு, தையலுக்குக் குறுக்கே நல்லா இழுத்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசித் துளை பக்கத்துல நூல் அறுந்து சின்ன ஓட்டை தெரிஞ்சா ஊசியை மாத்தணும். தைச்சவுடனே ஓட்டை தெரியாம துவைச்ச அப்புறம் தெரியறதும் உண்டு, அதனால தைச்ச துண்டைத் துவைச்சு, இழுத்து, மறுபடி பாருங்க, இந்த ஒரு செக்கைத் தவிர்த்துட்டு ஆர்டர் அனுப்பினா திரும்பி வரும்.

தொடையும் தொடையும் உரசற இடம், பை மாட்டற தோள்: உரசல். லைக்ராவைத் துணிப் பின்னலுக்குள்ள வெறுமனே விட்டிருந்தா சீக்கிரம் அறுகும், நைலான் சுத்தின நூலா இருந்தா தாங்கும். நீட்டிக்கிட்டு இருக்கிற முனையைப் பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா உள்ள இன்னும் நீளமா உருவிக்கிட்டு வந்து அந்த வரி மொத்தமும் லூசாயிடும், ஒட்ட வெட்டி விடுங்க.

துணி முழுக்க பரவலா: ரெண்டு வாய்ப்பு. பழைய உடுப்புன்னா குளோரின் பிளீச் போட்டிருப்பாங்க, நிறமும் லேசா மஞ்சளடிச்சிருக்கும். புதுத் துணின்னா மில்லுல சாயத்துக்கு முன்னாடி பிளீச்லயோ சூட்டுலயோ லைக்ரா அடிபட்டிருக்கு. புதுத் துணியில இந்த அறிகுறியைப் பார்த்தா நான் வேற செக் எதுவும் பண்ண மாட்டேன், நேரா மில்லுக்கு சாம்பிளோட திருப்பிடுவேன், ஏன்னா இது துவைக்கத் துவைக்கக் கூடும், குறையாது.

அறிகுறி: தையல் ஓரத்துல இருந்து உள்ள துணி குமிழ் குமிழா, அலை அலையா நிக்குது

ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ், ஸ்ட்ரெட்ச் பாப்ளின் மாதிரி நெசவுத் துணியில துவைச்சதும் வர்ற கோளாறு. இஸ்திரி போட்டா அமுங்கும், அடுத்த துவைப்புல திரும்பி வரும்.

எப்படி உறுதி பண்றது: பக்கத் தையல்ல இருந்து 2 சென்டிமீட்டர் உள்ள ஒரு இடத்தைக் குறுக்கே இழுங்க, அப்புறம் பேன்ட்டோட நடுப்பகுதியில அதே மாதிரி இழுங்க. நடுவுல நீளுது, தையல் ஓரத்துல கட்டை மாதிரி நிக்குதுன்னா, ஓரத்துல லைக்ரா நழுவி உள்ள போயிடுச்சு. பருத்தி உறைக்குள்ள லைக்ரா இழுத்த நிலையிலதான் உட்கார்ந்திருக்கு, வெட்டின முனையில அதைப் பிடிச்சு வைக்க தையல் மட்டும்தான் இருக்கு, அந்தப் பிடி போதலைன்னா அது சுருங்கி உள்ள ஓடிடும். உருவிப் பார்த்தா ஓர நூல்ல நடு இழையே இருக்காது.

காரணம் எளிசுல இருந்து: தையல் அலவன்ஸ் (தையலுக்கு வெளிய விடற துணி) ரொம்பக் குறுகலா இருக்கு, ஒரே வரி தையல்தான் ஓடியிருக்கு, அங்குலத்துக்கு தையல் எண்ணிக்கை கம்மி. இதெல்லாம் தைக்கிற இடத்துலயே சரி பண்ணலாம், வாஷிங்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஓரத்துல ஓவர்லாக்கோட இன்னொரு வரி பூட்டுத் தையல் போட்டுட்டாலே நிறைய குறையும். அடுத்தது சிலிக்கான் சாஃப்ட்னர், துணி வழுவழுன்னு இருக்கணும்னு அளவுக்கு மேல போட்டா நூலுக்குள்ள உரசல் குறைஞ்சு லைக்ரா சுலபமா நழுவும். அதுக்கடுத்தது கடுமையான வாஷ், கல்லு போட்டு பிளீச் போட்டு சுத்தறது. கடைசியா, சரி பண்றதுக்கு அதிகம் செலவாகறது, நூலே சரியில்லாதது, கோர் நூல்ல லைக்ராவோட இழுவை அளவும் முறுக்கும் பொருந்தாதது, இதை நூற்பாலையிலதான் மாத்தணும்.

வாங்கிப் போடறவங்க கையில வந்துட்டா சரி பண்ண வழியில்ல. ஓரத்தைப் பிரிச்சு 2 சென்டிமீட்டர் உள்ள தள்ளித் தைக்கலாமேன்னு கேட்பாங்க, பேன்ட் சின்னதாகும், வெட்டின புது ஓரத்துல இருந்து லைக்ரா மறுபடி ஓடும்.

அறிகுறி: துவைக்கத் துவைக்க சின்னதாகுது, துணி தடிமனாகுது

லூசாகறதுக்கு நேர் எதிர், ஆனா வேர் அதே இடத்துலதான். லைக்ரா போட்ட பனியன் துணி மெஷின்ல இருந்து இறங்கும்போது சுருங்கி, கனமா இருக்கும், அதை ஸ்டென்ட்டர்ங்கற மெஷின்ல அகலத்துக்கு இழுத்து சூடு கொடுத்து ஹீட் செட் பண்றாங்க, சாதாரண லைக்ராவுக்கு பொதுவா 185ல இருந்து 195 டிகிரி, 30ல இருந்து 45 வினாடி. சூடு குறைஞ்சாலோ நேரம் குறைஞ்சாலோ லைக்ரா அந்த அகலத்தை ஏத்துக்கல, முதல் துவைப்புல பழைய சுருக்கத்துக்கு ஓடிடும். சூடு கூடிட்டா எதிர்ப்பக்கம், அகலம் அசையாம நிக்கும், ஆனா லைக்ராவோட வலு போயிடும், இழுத்தா திரும்பாது, வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும்.

செக்: துணி வாங்கினதும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை) கட்டர்ல ஒரு வட்டம் வெட்டி எடை போடுங்க, ஒரு பெரிய துண்டை மூணு தடவை துவைச்சு காய வச்சு மறுபடி வட்டம் வெட்டி எடை போடுங்க. 180 ஜிஎஸ்எம்னு வாங்கினது 183, 185 ஆனா பரவாயில்ல. 200 தாண்டினா ஹீட் செட் பத்தல. ஓரம் விடாம சுருண்டுக்கிறதும் அதே கதைதான், சிங்கிள் ஜெர்சி ஓரம் கொஞ்சம் சுருளும்தான், ஆனா டேபிள்ல விரிக்கவே முடியாத அளவுக்கு சுருண்டா ஹீட் செட்டைத்தான் கேக்கணும்.

ஜிஎஸ்எம் மாறல, ஆனா தைச்ச உடுப்பு பேட்டர்னை விட சின்னதா வருதா? துணியை ரோல்ல இருந்து இழுத்து விரிச்சு உடனே வெட்டியிருப்பாங்க. ரோல்ல இழுவையோட சுத்தியிருக்கிற துணி, வெட்டினதும் தன் அளவுக்கு சுருங்குது. ரோலைப் பிரிச்சு இழுக்காம மடிப்பா போட்டு 24 மணி நேரம் ஓய்வு கொடுத்துட்டு வெட்டுங்க. இடமில்ல, அவசரம்னு இதை விட்டுடறாங்க, அப்புறம் அளவு வரலைன்னு மில்லுக்காரரைத் திட்டறாங்க.

மில்லைக் கூப்பிட வேண்டிய இடம்: ஓய்வும் கொடுத்தாச்சு, மூணு துவைப்புல ஜிஎஸ்எம்மும் ஏறுது. ஏறியிருந்தா மறுபடி ஸ்டென்ட்டர்ல ஓட்டி சரி பண்ண வாய்ப்பு இருக்கு, அதுக்கு முன்னாடி அந்த லைக்ரா எந்த வகைன்னு கேட்டுக்கங்க, குறைஞ்ச சூட்டுலயே செட் ஆகற வகையும் வருது, அதை 195ல விட்டா வலு போயிடும். சூடு கூடிக் கெட்ட துணியை யாராலயும் திருப்ப முடியாது, ரீப்ளேஸ்மென்ட்தான் கேக்கணும்.

அறிகுறி: இழுத்தா தையல் பட்டுனு விடுது

துணி நல்லா இருக்கு, நூல்தான் நீளல. சாதாரண 301 பூட்டுத் தையலை (இந்த எண்ணெல்லாம் தையல் வகையோட நம்பர்) லெகிங்ஸ்ல போட்டா அறுந்தே தீரும். சேர்க்கிற தையலுக்கு 504 இல்ல 514 ஓவர்லாக், மடிப்புக்கு 406 கவர் ஸ்டிச், வீட்டு மெஷின்னா குறுகலான ஜிக்ஜாக். ஓவர்லாக்ல கீழ் நூல் ஓடற லூப்பர்ல, நீளற மாதிரி சுருள் பண்ணின டெக்ஸ்சர்ட் பாலியஸ்டர் நூல் போட்டா இன்னும் இழுவை தாங்கும், நூல் டென்ஷனையும் தளர்த்துங்க. தையல் விடல, ஆனா அலை அலையா நின்னுச்சுன்னா அது வேற கோளாறு, பிரஷர் ஃபுட் அழுத்தத்தைக் குறைச்சு துணியைத் தள்ளற அளவை மாத்தற டிஃபரென்ஷியல் ஃபீடைக் கொஞ்சம் ஏத்துங்க, சரியாயிடும்.

அறிகுறி: துணிக்குக் குறுக்கே கோடு கோடா, அந்தக் கோட்டுல மட்டும் தளர்வு

வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி ஒரே அளவா வருதான்னு ஸ்கேல் வச்சு அளங்க.

ஒரே அளவுன்னா வட்டப் பின்னல் மெஷின்ல ஒரு குறிப்பிட்ட ஃபீடர்ல, அதாவது நூல் உள்ள போற இடத்துல, கோளாறு. லைக்ரா ரோலர்ல பஞ்சு அடைச்சிருக்கும், இல்ல லைக்ரா கைடுல இருந்து வெளிய குதிச்சிருக்கும், இல்ல லைக்ரா அறுந்தும் ஸ்டாப் மோஷன் சென்சார் நிறுத்தாம மெஷின் ஓடியிருக்கும். அடிக்கடி நிக்குதுன்னு சென்சாரை அணைச்சு வச்சுட்டு ஓட்டறதுதான் இதுக்குப் பெரும்பாலும் காரணம், முதல்ல அதைப் பாருங்க.

முழு அகலத்துக்கும் ஒரு பட்டை இந்த மாதிரி, அடுத்த பட்டை வேற மாதிரின்னா வேற வேற லாட் லைக்ரா கோன் (நூல் சுத்தின உருளை) கலந்திருக்கு, இல்ல ரொம்ப நாள் கிடந்த கோன் புதுசோட சேர்ந்திருக்கு. லைக்ரா கோன் கிடக்கக் கிடக்க குணம் மாறும், முதல்ல வந்ததை முதல்ல ஓட்டிடணும். கோடு விழுந்த துணியை ஃபினிஷிங்ல மறைக்க முடியாது, அந்த நீளத்தை வெட்டி ஒதுக்கிட்டு நிட்டிங் யூனிட்டுக்கு துண்டோட, கோட்டு இடைவெளி எழுதி அனுப்புங்க, அளவு இருந்தா எந்த ஃபீடர்னு அவங்க சுலபமா கண்டுபிடிச்சுடுவாங்க.

அறிகுறி: நீச்சல் உடை மெல்லிசாகி தொளதொளன்னு ஆகுது

குளோரின். வேற காரணம் தேட வேண்டாம், சன்ஸ்கிரீன், எண்ணெய், வெந்நீர்த் தொட்டி மூணும் அதுக்குத் துணை போகும். குளத்துல இருந்து ஏறினதும் நல்ல தண்ணியில அலசுங்க, ஈரத்தோட பையில சுருட்டி வைக்காதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க. உட்கார்ற இடத்துல வெளிச்சம் ஊடுருவ ஆரம்பிச்சிட்டா முடிஞ்சுது. தினமும் நீந்தறவங்க அடுத்த தடவை பாலியஸ்டர் பிபிடி துணியில வாங்குங்க, நைலான் லைக்ராவை விட குளோரினை ரொம்ப நாள் தாங்கும்.

அறிகுறி: மருத்துவர் சொல்லி போடற கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் சுலபமா ஏறுது

வாங்கின புதுசுல கஷ்டப்பட்டு ஏத்தினது இப்ப சும்மா ஏறுதுன்னா சந்தோஷப்படாதீங்க, அழுத்தம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். முதல்ல துவைச்சு காய வச்சுப் பாருங்க, தினமும் துவைக்கறது இதுக்கு நல்லதுதான், துவைச்சா இழை திரும்பும், வியர்வையும் கிரீமும் போகும். கிரீம் தடவினவுடனே மாட்டற பழக்கம் இருந்தா நேரத்தை மாத்துங்க. துவைச்ச அப்புறமும் கணுக்கால்கிட்ட மடிப்பு விழுது, சாயங்காலம் கால்ல வீக்கம் தெரியுது, இல்ல மேல் பட்டை இறங்கி வருதுன்னா இங்க வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். இதைத் தையல்காரர்கிட்ட கொடுத்துப் பிடிக்கக் கூடாது, கணுக்கால்ல இருந்து மேல போகப் போக அழுத்தம் படிப்படியா குறையற மாதிரி பின்னியிருக்காங்க, ஒரு இடத்துல பிடிச்சா அங்க மட்டும் கயிறு கட்டின மாதிரி இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தினமும் போடறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது வழக்கம், பார்க்க நல்லா இருந்தாலும் மாத்துங்க, மாத்தும்போது காலை மறுபடி அளக்கச் சொல்லுங்க, வீக்கம் குறைஞ்சோ கூடியோ இருந்தா பழைய சைஸ் பொருந்தாது.